வாய் பேசுகிறது, கை வேலை செய்கிறது, அது நடப்பது தெரிகிறது: இதை எந்தச் சொல்லால் சொல்வது?

கூழாங்கல்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் யாருக்கும் சொல்ல வராத ஒன்றை இப்போது என் மகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் முறை நடந்தபோது எனக்கு 9 வயது. பள்ளிக்கூட மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். படிகளை எண்ணிக்கொண்டே இறங்குவது என் வழக்கம். பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். திடீரென்று எண்ணுகிற குரல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கால் இறங்கியது, கை கம்பியைப் பிடித்திருந்தது, உள்ளே குரல் பதிமூன்று, பதினான்கு என்றது. எல்லாம் நடப்பது தெரிந்தது. ஆனால் எண்ணுவது நான் இல்லை. நான் என்று ஒன்று இருந்தால் அது எதுவும் செய்யாமல் அப்படியே இருந்தது. கடைசிப் படி வந்ததும் ஒருத்தி தோளில் தட்டினாள். போய்விட்டது.

இரண்டாவது முறை 26 வயதில். அப்பாவின் சிகிச்சை பற்றி எனக்கும் என் அண்ணனுக்கும் பெரிய சண்டை. நான் கத்திக்கொண்டிருந்தேன். காது மடல் சுட்டது, தொண்டை வலித்தது. கோபம் துளிகூடக் குறையவில்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கோபம் முழுசாகத் தெரிந்தது. தெரிந்த அந்த இடத்தில் மட்டும் கோபம் இல்லை. "நீ வந்து பார்த்தியா?" என்று என் வாய் கேட்டது. அந்தக் கேள்வி வருவதற்கு முன்னாலேயே அது வருவது தெரிந்தது. பிறகு பல நாள் குற்ற உணர்ச்சியில் இருந்தேன். அப்பாவுக்காகப் பேசியது எல்லாம் நடிப்பா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நடிப்பு இல்லை. ஆனால் இல்லை என்று நிரூபிக்க ஒரு சொல்கூட என்னிடம் இல்லை.

மூன்றாவது, நான்கு மாதம் முன்பு. மதியம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் போன் அடித்தது. 'எடுக்கணும்' என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணமும் போன் மணியும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டும் வந்தன, இரண்டும் போயின. கை சட்டையின் கைப்பகுதியை உள்பக்கமாக மடித்துக்கொண்டே இருந்தது. பத்து வினாடி இருந்தால் அதிகம்.

நான் தியானம் செய்பவள் இல்லை. மூன்று முறையும் நான் தேடிப் போகவில்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை, முந்தைய இரவு நன்றாகத்தான் தூங்கியிருந்தேன்.

என்னென்ன சொல்லிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 'என்னை விட்டு வெளியே வந்து பார்த்தேன்' என்றேன். "மேலே இருந்தா, பின்னால் இருந்தா?" என்று என் கணவர் கேட்டார். மேலேயும் இல்லை, பின்னாலும் இல்லை, கண் இருந்த இடத்தில்தான் இருந்தது. 'மரத்துப்போன மாதிரி' என்றேன். அதுவும் தப்பு, அந்தச் சட்டையின் தையலும் வெயில் சூடும் வழக்கத்தைவிடத் துல்லியமாகத் தெரிந்தன. 'கனவு மாதிரி' என்றால் நேர் எதிர். 'அமைதி' என்றால் சண்டையில் ஏது அமைதி? 'பற்றற்ற நிலை' என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்பாமேல் பற்று இருந்தது, அதனால்தான் கத்தினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்கள், மீதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டிலும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு 11 வயது. போன வாரம் படுக்கும்போது சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு வகுப்புல பாடம் வாசிச்சப்போ, வாசிக்கிறது எனக்குக் கேட்டுச்சு. நான் வாசிக்கலை. அது என்னம்மா?"

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. "தூங்கு, நாளைக்குப் பேசலாம்" என்றேன். எட்டு நாள் ஆகிவிட்டது.

இதற்குப் பட்டமோ நோயின் பெயரோ உடனே வேண்டாம். 11 வயதுப் பெண் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சொற்கள் வேண்டும். உங்களில் யாருக்காவது இது நடந்திருந்தால், நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

---

பனிமூட்டம்:

அக்கா, எனக்கு நடந்தது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

17 வயதில் தொடங்கி மூன்று வருடம் இருந்தது. தூக்கம் கெட்டு, பயத்தில் மூச்சு வாங்கிய ஒரு ராத்திரிக்கு அப்புறம் வந்தது. என் கை என் கையாகத் தெரியவில்லை. அம்மா பேசினால் பஞ்சு வழியாகக் கேட்பது போல இருக்கும். அவங்க அழுதார்கள், எனக்கு ஒன்றுமே வரவில்லை. இது பொய், இது உண்மையில்லை என்ற எண்ணம் விடாமல் அரித்தது. அதே சமயம் எனக்குப் பைத்தியம் இல்லை என்பதும் தெளிவாகத் தெரியும். அதுதான் கொடுமை. மருத்துவர் இதை டிபர்சனலைசேஷன் என்றார். உலகமே பொய்யாகத் தெரிவதற்கு டிரியலைசேஷன் என்று பெயர்.

உங்களுக்குத் தையலும் சூடும் கூடுதலாகத் தெரிந்திருக்கின்றன, கோபமும் முழுசாக இருந்திருக்கிறது. எனக்கு எல்லாமே குறைந்தது. நான் ஒரு மனுஷியாக இல்லாமல் போனேன். அந்த வித்தியாசம் சின்னதில்லை.

பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த மாதிரி விலகல் வந்து போகும். நோய் என்று சொல்லும் அளவுக்கு நிற்பது நூற்றுக்கு 2 பேருக்குப் பக்கம்தான். தொடங்குகிற வயது சராசரியாக 16. அதனால் மகளிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பயமாக இருந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, அடிக்கடி வருகிறதா, அப்போது உன் கை உன் கையாகத்தானே இருந்தது? இந்த நான்கையும் கேளுங்கள். பயம் இருந்தாலோ, விடாமல் இருந்தாலோ ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நான் மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், வாயைத் திறந்த பிறகுதான் குறையத் தொடங்கியது.

டிபர்சனலைசேஷன் என்ற அந்த மருத்துவச் சொல் வந்த வழியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அமியேல் என்பவர் 1880இல் தன் நாட்குறிப்பில், கல்லறைக்கு அப்பால் இருந்து வாழ்க்கையைப் பார்ப்பது போல இருக்கிறது என்று எழுதி, அதற்குப் பொருந்த அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் எழுதினார். 1898இல் துகா என்பவர் அதை எடுத்து மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அதாவது அதுவும் முதலில் ஒருவர் தனியாக உட்கார்ந்து தடவித் தடவிக் கண்டுபிடித்த சொல்தான். நீங்கள் இப்போது செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

---

அந்திவானம்:

சகோதரி, இதற்குப் பெயர் எப்போதோ வைத்தாகிவிட்டது. துரியம். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை. ரமணருக்கு 1896இல், 16 வயதில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் வந்தது. உங்கள் மகள் கொடுத்துவைத்தவள். கவலையே வேண்டாம்.

---

சொல்தேடி:

நான் 31 வருடம் தமிழ் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நீங்கள் தேடுகிற சொல் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. உங்கள் மகளிடம் இன்னும் சுத்தமாக இருக்கிறது.

'வெளியே வந்து பார்த்தேன்' என்று நீங்கள் சொன்ன உடனே உங்கள் கணவர் 'எங்கே இருந்து?' என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார். 'பார்த்தேன்' என்றால் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும், அவர் நிற்க ஓர் இடம் வேண்டும், திருப்ப ஒரு கண் வேண்டும். அந்த வினை தன்னோடு இத்தனையையும் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் படிக்கட்டைப் பற்றி நீங்கள் தன்னையறியாமல் எழுதியது என்ன? 'எல்லாம் நடப்பது தெரிந்தது.' சண்டையைப் பற்றி? 'கோபம் முழுசாகத் தெரிந்தது.' துணி மடித்தபோதும் அதே 'தெரிந்தன'தான். எங்கெங்கே உண்மையாக எழுதினீர்களோ அங்கெல்லாம் 'தெரி' வந்திருக்கிறது. விளக்கம் சொல்லப்போன இடங்களில் மட்டும் 'பார்' வந்திருக்கிறது.

நம் மொழியில் இப்படி ஒரு வாசல் உண்டு. நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிகிறது. நான் கேட்கிறேன், எனக்குக் கேட்கிறது. முதலாவதில் நான் செய்பவன். இரண்டாவதில் நான் எழுவாய் கூட இல்லை, நான்காம் வேற்றுமையில் ஓரமாக இருக்கிறேன். வருவது என்னிடம் வருகிறது. பசிக்கிறது, வலிக்கிறது, புரிகிறது, பிடிக்கிறது எல்லாம் இந்தக் குடும்பம்தான். இன்னும் ஒரு படி போகலாம். 'எனக்கு' என்பதையும் விட்டுவிட்டு வெறுமனே 'தெரிந்தது' என்றாலும் தமிழில் அது முழு வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை, கேட்பவர் காதுக்கும் உறுத்தாது.

இப்போது உங்கள் மகள் சொன்னதைப் பாருங்கள். 'வாசிக்கிறது எனக்குக் கேட்டுச்சு. நான் வாசிக்கலை.' இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. வாசிப்பது நடந்தது, கேட்பதும் நடந்தது, செய்தவள் மட்டும் இல்லை. அவள் உங்களிடம் சொல் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 'அது என்ன' என்றுதான் கேட்டாள்.

இனி 'சாட்சி' என்ற சொல். வேதாந்தத்தில் இதற்கு வழங்கும் பெயர் அதுதான். முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அழகான படம். ஆனால் 11 வயதுக் குழந்தையிடம் 'சாட்சி' என்று சொல்ல நான் தயங்குவேன். தமிழ்க் காதில் சாட்சி என்றால் அடுத்து 'மனசாட்சி' நினைவுக்கு வரும். மனசாட்சி குத்தும், உறுத்தும். 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்கிறது குறள். அந்த நெஞ்சுக்கும் எல்லாம் தெரியும், ஆனால் அது சுடுகிறது. உங்களுக்குச் சண்டையில் தெரிந்த இடம் உங்களைச் சுடவில்லை, மெச்சவும் இல்லை. சுட்டது பிறகு, நீங்கள் யோசித்தபோது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், தன்னை யாரோ உள்ளிருந்து வேவு பார்ப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

அந்திவானம் அவர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். துரியம் என்றால் 'நான்காவது' என்றுதான் பொருள். விழிப்புக்கும் கனவுக்கும் உறக்கத்துக்கும் பெயர் இருந்தவர்கள் இதற்கு ஓர் எண்ணை மட்டும் இட்டார்கள். மாண்டூக்கிய உபநிடதம் அதை விவரிக்கும்போது அது இல்லை, இது இல்லை என்றுதான் பெரும்பாலும் அடுக்குகிறது. அவ்வளவு பெரியவர்களே பெயர் வைக்காமல் விட்ட இடத்தில் ஒரு சிறுமியை நாம் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டாம். ரமணருக்கு வந்தது மரண பயத்தில் தொடங்கியது, அதன் பிறகு விலகவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒருத்தி தோளில் தட்டியதும் போய்விட்ட ஒன்றோடு அதைச் சேர்ப்பது இரண்டுக்குமே நியாயம் இல்லை.

---

அந்திவானம்:

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். துரியம் என்றால் நான்காவது என்று இன்றுதான் கவனித்தேன்.

---

குறிப்பேடு:

சொல்தேடி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட தன் சமய அனுபவ ஆய்வில் மெய்ஞ்ஞான அனுபவங்களுக்கு நான்கு அடையாளம் சொன்னார்: சொல்லில் அடங்காது, ஏதோ அறிந்ததாகத் தோன்றும், நெடுநேரம் நிற்காது, தன் செயலாக இருக்காது. கடைசியாகச் சொன்னது நான்காம் வேற்றுமை இல்லாமல் வேறென்ன? ஆங்கிலத்தில் ஒரு முழுப் பத்தி எழுதித்தான் அவரால் அதை விளக்க முடிந்தது.

எனக்கு வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வரும். பெரும்பாலும் வரிசையில் காத்து நிற்கும்போது. நான் கற்றுக்கொண்ட ஒன்று, உடனே எழுத வேண்டும். ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர் 1970களில் இருந்து ஒரு சோதனை செய்துவருகிறார். ஆட்களிடம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்புவார். அது நினையாத நேரத்தில் ஒலிக்கும். ஒலித்த கணத்துக்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார். தாங்கள் எப்போதும் உள்ளே பேசிக்கொண்டே இருப்பதாக உறுதியாக நம்பியவர்களின் குறிப்பில் பேச்சே இல்லாமல் போனதும் உண்டு. நமக்குள் நடப்பதைப் பற்றி நாம் பொதுவாகச் சொல்வதற்கும், குறிப்பிட்ட ஒரு கணத்தில் இருந்ததற்கும் அவ்வளவு தூரம்.

அதனால் 'அது எப்படிப்பட்ட நிலை' என்று என்னை நானே கேட்பதில்லை. கை எங்கே இருந்தது, என்ன சத்தம் கேட்டது, எது முதலில் வந்தது, எது வந்ததும் போனது என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் பதிவில் சட்டைக் கையை மடித்த வரியைப் படித்தபோது 'ஆமாம், இதேதான்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். 'பற்றற்ற நிலை' என்று யாராவது எழுதியிருந்தால் அப்படித் தோன்றியிருக்காது.

ஒரு கேள்வி: மூன்று முறையும் ஒன்றேதானா? 'எனக்குத் தெரிந்தது' என்பதா, வெறும் 'தெரிந்தது' என்பதா?

---

கூழாங்கல்:

எல்லோருக்கும் நன்றி. பனிமூட்டம், உன் பதிவைப் படித்துவிட்டு அன்று இரவே மகளிடம் பேசினேன். மூன்று வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாய். இங்கே எழுதினாயே, அதற்கு நான் பட்டிருக்கும் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குறிப்பேடு கேட்டதற்கு முதலில் பதில். ஒன்றே என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டில் 'எனக்கு' இல்லை. அதில் சந்தேகமே இல்லை. துணி மடித்தபோதும் இல்லை, போன் நின்ற பிறகுதான் 'அட, எனக்கு' என்று வந்தது. சண்டையில் மட்டும் அது இருந்தது. சின்னதாக, ஓரமாக இருந்தது. அதனால்தான் பிறகு என்னையே குற்றம் சொல்லிக்கொள்ள முடிந்ததோ என்னவோ. மூன்றும் மூன்று விதம் என்பதை ஒரு வேற்றுமை உருபை வைத்துத் தெரிந்துகொண்டேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அண்ணனோடு நடந்ததை 'நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று நினைத்திருந்தவரை நான் நடித்ததாகத்தான் பட்டது. 'நான் கத்தினேன், கத்துவது எனக்குத் தெரிந்தது' என்று சொல்லிப் பார்த்தேன். கத்தியது நான்தான். அதில் பொய் இல்லை. இது பெரிய ஆறுதல், ஐயா.

மகளிடம் நான்கு கேள்வியும் கேட்டேன். பயம் இல்லையாம். அரைப் பக்கம் வாசிக்கிற நேரம்தான். அது ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. கை கையாகத்தான் இருந்தது, "ஏம்மா, வேற எப்படி இருக்கும்?" என்றாள். ஒரு சொல்லைத் தப்பாக வாசித்ததும் போய்விட்டதாம். பயம் வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ என்னிடம் வந்து சொல் என்றேன். சரி என்றாள்.

பெயர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அப்படி வந்திருக்கிறது என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். படிக்கட்டுக் கதையை இந்த முறை 'பார்த்தேன்' என்ற சொல்லே வராமல் சொன்னேன். கால் இறங்குறது தெரிஞ்சுது. கம்பி சில்லுன்னு இருக்கிறது தெரிஞ்சுது. பதிமூணு, பதினாலுன்னு எண்ணுறது கேட்டுச்சு. நான் எண்ணலை.

"ஆமா" என்றாள். அவ்வளவுதான், அந்த ஒரு 'ஆமா'. எனக்கு அதை இதுவரை யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தூக்கக் கலக்கத்தில், "மொத்தம் எத்தனை படி?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு என்றேன். எண்ணிக்கை அன்றைக்கும் தப்பாமல்தான் போயிருந்தது.